பால் கட்டு என்று நினைத்தது

என் ஓரகத்தியும் நானும் அப்போது எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு அக்கா முறை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் தாளிப்பது என் மூக்குக்கு வரும், நான் மிக்ஸி போடுவது அவள் காதுக்குப் போகும். அப்படி இருந்தும் எட்டு மாதம் ஒரு வார்த்தை கிடையாது. எங்களைத் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் முறைத்துக்கொண்டு திரிந்த நாட்களைக் கூட்டினால், அதில் ஒரு பிள்ளையைப் பெற்று நடக்க விட்டிருக்கலாம்.

ஆத்தூர் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், கிணறும் மோட்டாரும் பொது. விடியும்போதே மொட்டைப் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். அக்கா அந்த விஷயத்தில் படு கறார். விற்கிற பூவில் ஒரு மொட்டைத் தலையில் வைக்க மாட்டாள், என்னையும் வைக்க விட மாட்டாள். கோயிலுக்குப் போகும்போது கூட இரண்டு கனகாம்பரத்தைக் கிள்ளி வைத்துக்கொண்டு போவாள். நான் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

அந்த எட்டு மாதச் சண்டைக்குக் காரணம் என் மகள். கல்லூரியில் மைசூருக்கு டூர் போகிறார்கள், நானும் போகிறேன் என்றாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் நேராகப் பெரியம்மாவிடம் போய் நின்றிருக்கிறாள். டீச்சர் போனில் கேட்டபோது அக்கா, “நான் அவ அம்மாதான் பேசுறேன், கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்தபோது பஸ் கரூரைத் தாண்டியிருந்தது. என் வாய்க்கு என்றைக்குமே பூட்டு இருந்ததில்லை. தோட்டத்து வரப்பில் நின்று, பறிக்க வந்த பெண்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி, “பெத்தவ நான் உசுரோட இருக்கேன். அம்மான்னு சொல்றதுக்கு நீ யாருக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த பூ மடியை அவிழ்த்துக் கூடையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் யார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மகள் பிறந்து பத்து நாளில் எனக்கு மஞ்சள்காமாலை கண்டு, இருபது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அக்காவுக்கு அப்போது பதினான்கு மாதத்தில் ஒரு பையன். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவன் வயிற்றில் அடித்து என் மகளுக்குப் பால் கொடுத்தாள். வலது பக்கம் அவனுக்கு, இடது பக்கம் இவளுக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரைப் பங்கு பிரிக்கும்போதும் அவள் இப்படித்தான், இம்மி மாற மாட்டாள்.

நான் உடம்பு தேறி வந்தபோது பிள்ளை என்னிடம் வர மறுத்தது. எனக்குப் பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. பிள்ளை சப்பினால் ஊறும் என்றார்கள், அதுவோ அக்காவின் சேலையைக் கண்டாலே என் மடியிலிருந்து துள்ளியது. இரண்டு நாள் பார்த்தாள் அக்கா. மூன்றாம் நாள் காலையில் பறித்த மல்லிகையில் இரண்டு கை அள்ளி மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்படிக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் அனைவருக்கும் தெரியும். பிள்ளை தவறிப்போன வீட்டிலும் பால் மறக்கடிக்கிற வீட்டிலும் செய்வார்கள். மார் கல்லாகக் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் நாலு நாள் முனகினாள். என் மகள் பசி தாங்காமல் என்னிடம் வந்து சேர்ந்தாள். அந்த மனுஷியைத்தான் வரப்பில் வைத்து நீ யார் என்று கேட்டேன். கேட்ட அன்றைக்கே போய்க் காலைப் பிடித்திருக்க வேண்டும். நான் போகவில்லை. அவளே முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவள்தான் முதலில் பேசினாள். நான் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வந்து நின்று என் முகத்தைப் பார்க்காமல், “புள்ளைக்கு மாருல கட்டி இருக்கு. கிளம்பு” என்றாள்.

மகள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அவளுக்கு இருபது வயது. என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். என்னிடம் சொல்லவில்லையே என்கிற கோபம். துணியை அப்படியே போட்டுவிட்டு ஈரச் சேலையோடு கிளம்பினேன்.

திண்டுக்கல் பஸ்ஸில் மகளை நடுவில் வைத்து ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். அவளிடம் நான் ஒன்று சொல்வேன், அக்கா ஒன்று சொல்வாள், எங்களுக்குள் பேச்சில்லை. செம்பட்டி தாண்டும்போது மல்லிகை வாசம் அடித்தது. அக்காவிடமிருந்துதான். தலையைப் பார்த்தேன், பூ இல்லை. பறித்த கையோடு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கை கழுவக்கூட நேரமில்லாமல் என் மகளுக்காக ஓடி வந்திருக்கிறாள் என்று தோன்றியதும் பேசிவிடலாமா என்று இருந்தது. வீம்பு அதற்கும் மேலே இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். மகளைப் படுக்க வைத்து, விரல்களைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவிப் பார்த்தார். கட்டி கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தது. “பிடிச்சா வழுக்கிட்டு ஓடுது பாருங்க. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புற்றுநோய்க் கட்டி இப்படி ஓடாது. இருந்தாலும் ஸ்கேன் எடுத்து, ஒரு ஊசியும் குத்திப் பாத்துட்டா நமக்கு நிம்மதி” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது. மாதா மாதம் தீட்டுக்கு முன்னால் எனக்கும் மார் கனத்து வலித்து உயிர் போகிறது, ஒரு கட்டி வேறு உருளுகிறது என்று ஆரம்பித்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே என்னையும் படுக்கச் சொன்னார். “இது நீர்க்கட்டி மாதிரி இருக்கும்மா. நாப்பதுக்கு மேல, தீட்டு நிக்கிற வரைக்கும் பல பேருக்கு வரும், போகும். எதுக்கும் ஸ்கேன்ல பாத்துருவோம்” என்றார். மகள், “ஒரு டோக்கன்ல ரெண்டு பேரு” என்று முணுமுணுத்தாள்.

அக்கா அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். திடீரென்று, “டாக்டரம்மா, பால் கட்டுன கட்டி இருவது வருஷம் இருக்குமா?” என்று கேட்டாள்.

“யாருக்கும்மா?”

“எங்க ஊருல ஒருத்திக்கு.”

“அந்த ஒருத்திக்கு வலி இருக்கா?”

“வலியே இல்ல. அதான் அவளும் பேசாம விட்டுட்டா.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்து வந்து திரையை இழுத்துவிட்டு, “அந்த ஒருத்திய இந்த டேபிள்ல வந்து படுக்கச் சொல்லுங்க” என்றார்.

ஜாக்கெட் கொக்கியைக் கழற்ற நான்தான் உதவினேன். உள்ளே பழைய வேட்டித் துணி ஒன்று குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்ததும் இடது பக்கத்திலிருந்து மல்லிகை கொட்டியது. வியர்வையில் ஊறி, பழுப்பேறி, நசுங்கிப்போன மல்லிகை. தலைக்கு ஒரு மொட்டு வைக்காதவள் தினமும் ஒரு கைப்பிடி எடுத்து அங்கே வைத்துக் கட்டியிருக்கிறாள்.

“என்னக்கா இது?” என்றேன்.

“பால் கட்டு. உன் மக குடிச்ச பக்கம். அப்ப சரியா வத்தல போல ஆத்தா, மிச்சம் இருந்திருக்கு” என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

டாக்டர் அவள் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கியபோது கட்டி இருந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்தது. என் விரலையும் எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். கல்லாக இருந்தது. மகளுடையது ஓடியது, என்னுடையது அமுங்கியது, இது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. “வலிச்சா சீக்கிரம் வந்துடுறீங்க. இது பெரும்பாலும் வலிக்காதும்மா, அதுதான் தொந்தரவு” என்றார். அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு சளிக் காய்ச்சலுக்குக் கூட ஆஸ்பத்திரிப் படி ஏறாதவள்.

மூன்று பேருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். என்னுடையது நீர்தான். ஊசியால் உறிஞ்சியபோது பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர் வந்தது, கட்டி அங்கேயே அமுங்கிப்போனது. அதற்கு நான் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாக மகள் சொன்னாள்.

அக்காதான் ஊசிக்கு மசியவில்லை. மறுநாள் வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கணவர், “ஊசி குத்துனா அது உடம்பு பூரா பரவிரும்னு சொல்றாங்க” என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். சும்மா கிடக்கிறதைக் குத்திக் கிளப்புவானேன் என்றாள். நான் கத்தினேன். என் கணவர் கெஞ்சினார். டாக்டருக்கே போன் போட்டுக் கொடுத்தேன். ஊசியால் பரவாது, என்ன கட்டி என்று தெரியாமல் வைத்தியம் ஆரம்பிக்க முடியாது என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டு அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவளுக்கும் ஊசி பாக்கி இருந்தது. “பெரியம்மா குத்திக்கிட்டாத்தான் நானும் குத்திக்குவேன். பரவுனா ரெண்டு பேருக்கும் பரவட்டும்” என்று சொல்லிக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டாள். அக்கா தட்டோடு வந்து நின்றாள், திட்டினாள், தலையைத் தடவினாள். கடைசியில், “ஏலே, இம்புட்டு அழுத்தம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த அழுத்தம் குடித்த பாலில் வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையில் ஒரு சாதனை.

மறுநாள் இரண்டு பேரும் ஊசி குத்திக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் முடிவு வந்தது. டாக்டர் எதிரில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆண்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டேன். உள்ளே விட்டால் அக்காவுக்குத் தெரியாமல் மறைக்கச் சொல்வார்கள்.

“மொதல்ல புள்ளைக்குச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“அவளுக்குச் சாதாரணக் கட்டி. ஒரு பயமும் இல்ல. பெருசாகுதான்னு பாத்துக்கிட்டா போதும்.”

“இவளுக்கு நீரு, அது அன்னிக்கே வடிச்சாச்சு. அப்ப எனக்குத்தான்” என்றாள் அக்கா.

டாக்டர் ஆமாம் என்றார். புற்றுநோய்தான், அக்குளில் ஒரு நெறியும் கட்டியிருக்கிறது, ஆனால் வேறெங்கும் போகவில்லை, குணப்படுத்தப் பார்க்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். மாரை முழுதாக எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் குறுக்கே புகுந்து, கட்டியை மட்டும் எடுத்தால் ஆகாதா என்றேன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஒருவேளை ஆகியிருக்கும் என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டு மாதம் என் மடியில் வந்து விழுந்தது.

பஸ் ஸ்டாண்டில் மகள் டீ வாங்கப் போயிருந்தபோது கேட்டேன். “எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

அக்கா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வந்தேன். ரெண்டு தடவ வந்தேன். மொத தடவ நீ என்னையப் பாத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்ட. ரெண்டாந்தடவ நீ கோலம் போட்டுக்கிட்டு இருந்த, தலையவே தூக்கல. செத்த நேரம் நின்னேன்.” கொஞ்சம் பொறுத்து, “ஆம்பளைககிட்ட இதைப் போயிச் சொல்ல முடியுமா? மகன் திருப்பூர்ல கெடக்கான். வேற யாருகிட்டக் காட்டுறது?” என்றாள்.

அந்தக் கோலம் எனக்கு நினைவிருந்தது. அவள் கால்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் புள்ளி வைத்தேன். நின்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் நான் என்னை மன்னிக்கவில்லை. அவள் மன்னித்தாளா என்று கேட்டபோது, “டீ ஆறுது, குடி” என்றாள்.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. பக்கத்தில் நான்தான் இருந்தேன். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது. சோற்றுக்கு வெஞ்சனம் எது வைத்தாலும் மண்ணாக இருக்கிறது என்றாள். அதையெல்லாம் விடக் கொடுமை, மல்லிகை வாசம் பட்டாலே குமட்டியது. சுற்றிலும் மல்லிகைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? பறித்துவிட்டு வந்ததும் நான் கையைப் புளி போட்டுத் தேய்த்து, சேலையை மாற்றிக்கொண்டுதான் அவள் வீட்டுக்குள் போவேன். அவளும் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். “வருது, வருது, இன்னொரு தடவ கழுவிட்டு வா” என்பாள். சில நாள் எனக்கு எரிச்சலாக வரும். திட்டிக்கொண்டே கழுவிவிட்டு வருவேன். மருந்தெல்லாம் முடிந்து, கரண்டு வைத்தியம் என்று எங்கள் பக்கம் சொல்கிற கதிர்வீச்சும் முடிந்து, தலையில் கோழிக்குஞ்சு மாதிரி முடி முளைத்த பிறகுதான் அவளால் வாசலில் வந்து உட்கார முடிந்தது.

லீவில் வந்திருந்த மகள் ஒரு நாள் அவளைக் குளிப்பாட்டினாள். தையல் போட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றும்போது, “பெரியம்மா, நான் எந்தப் பக்கம் குடிச்சேன்?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா, “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு” என்று சொல்லிவிட்டாள். எனக்கும் கட்டளை வந்தது, அவளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று. நானும் இதுவரை திறக்கவில்லை. இதை அவள் படித்தால் தெரிந்துகொள்வாள், தெரியட்டும். பால் கொடுத்ததால் இந்த நோய் வராது, கொடுத்தவர்களுக்கு வரும் வாய்ப்பு குறைவுதான் என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே எழுதுகிறேன். அக்காவுக்கும் அதைச் சொன்னேன். “அப்ப உன் மக எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கா” என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

டாக்டர் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சோதனை அது பாட்டுக்கு நடக்கட்டும், மாதம் ஒரு முறை வீட்டிலும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தந்தார். தானே பார்த்துக்கொள்வதில் அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. தன் கை தனக்குப் பொய் சொல்லும் என்கிறாள். அதனால் அவளுக்கு நான் பார்க்கிறேன், எனக்கு அவள் பார்க்கிறாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு. என் கை சில்லென்று இருக்கிறது என்பாள். அவள் கை சொரசொரப்பு என்பேன்.

நோய் வந்து இருவரும் திருந்திவிட்டோம் என்று யாராவது நினைத்தால், இல்லை. போன மாதம் மோட்டார் முறையில் மறுபடியும் சண்டை வந்தது. அவள் முறையில் நான் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக்கொண்டேன் என்றாள், நான் இல்லை என்றேன். உண்மையில் விட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். அக்கா வந்தாள். முகம் உர்ரென்று இருந்தது. கதவைச் சாத்தினாள், ஜாக்கெட்டைக் கழற்றினாள், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நானும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே மிச்சம் இருக்கிற பக்கத்தையும், தழும்பையும், இரண்டு அக்குளையும் விரல் விடாமல் பார்த்தேன். பிறகு நான் கழற்றினேன், அவள் பார்த்தாள். மெதுவாக, ஒரு இடம் பாக்கி வைக்காமல் பார்த்தாள். முடித்துவிட்டு, “ஒண்ணுமில்ல” என்றாள். நானும், “உனக்கும் ஒண்ணுமில்ல” என்றேன். அவள் கொக்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை நீண்ட அந்த ஆறு நாள் சண்டையில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.